ஒரு ஃபியூஸ் எத்தனை முறை சாகும்

ஜூன் 2, திங்கள்

சீ. சீ. சீ. ஆம்ப் ஒன்றுக்கு ஒரு சீ.

என் அண்ணன் சுதர்ஷன் (இன்றிலிருந்து இவன் பெயர் சத்தர்ஷன்) அவன் ஓட்டுகிற எங்கள் வீட்டு ஸ்கூல் வேனில் பாட்டு செட்டுக்கு மூன்றாவது ஆம்பையும் பூட்டிவிட்டான். ஏற்கெனவே இரண்டு இருந்தன, கதவு ஸ்பீக்கருக்கு ஒன்று, பின்னால் இருந்து பேஸ் இடிக்கும் பெரிய பஃபல் ஸ்பீக்கருக்கு ஒன்று. அவற்றை வாகன வயரிங் செய்கிற பலீல் நானாவின் கடையில் பூட்டினார்கள். இதை இவனே பூட்டினான். சும்மா கீச்சிடுவதற்காகக் கூரையோரம் நாலு குட்டி ஸ்பீக்கர், அவற்றுக்கென்று தனி ஆம்ப். வயரை வயரோடு முறுக்கி டேப் சுற்றியிருக்கிறான், டேப்பும் பாதியில் தீர்ந்துவிட்டது. யாரோ நூடில்ஸை மென்று துப்பியது மாதிரி இருக்கிறது.

காலையில் இரத்தோட்டையிலிருந்து மாத்தளை வரை ஒவ்வொரு வளைவிலும் பல் ஆடியது. என் வகுப்பு ஸஹ்னா, "காதுக்குள்ள யாரோ கொச்சிக்கா இடிக்கிறாங்கடி" என்றாள். அவளுடைய தங்கச்சி ஜஸ்லா முன் சீட்டில், மடியில் ஷொப்பிங் பேக்கோடு. வாந்தி எடுக்கிற பிள்ளைக்கு முன் சீட் என்பது எங்கள் வேன் சட்டம். பாட்டு ஆரம்பித்ததும் அவளும் ஆரம்பித்தாள்.

"அண்ணே, கொஞ்சம் கொறச்சு வையேன். புள்ள வாந்தி எடுக்குது."

"மூணு ஆம்ப் வச்சது கொறைக்கவா?"

ஆம்ப் வைத்தால் ஆம்பளை என்று நினைப்பு. பேக்கைக் கட்டி வெளியே எறிந்தது நான். கையில் இன்னும் நாறுகிறது.

ஜூன் 3, செவ்வாய்

முன் சீட்டைத் தூக்கினால் பெட்டரி. பெட்டரியிலிருந்து ஒரு தடித்த சிவப்பு வயர் கிளம்புகிறது. கிளம்பின ஒரு சாணிலேயே ஒரு சின்னக் குழாய், திருகித் திறந்தால் உள்ளே கண்ணாடி ஃபியூஸ். அதை எடுத்தால் மூன்று ஆம்பும் ஊமை.

ஆனால் குழாய் காலியாக இருந்தால் அவனுக்குக்கூட மூளை வேலை செய்துவிடும். அதனால் பலீல் நானா கடை வாசலில் கிடந்த செத்த ஃபியூஸ் ஒன்றைப் பொறுக்கி வந்தேன். உள்ளே கம்பி அறுந்து, கண்ணாடி புகைபிடித்து, அசல் பிணம். நல்லதை எடுத்து அதைப் போட்டேன். நல்லது இப்போது என் கொம்பாஸ் பெட்டியில், பாகைமானிக்குப் பக்கத்தில்.

ஜூன் 4, புதன்

வேனில் குருவிச் சத்தம் கேட்டது. ஜஸ்லா வாந்தி எடுக்கவில்லை. நான் ஒரு சமூக சேவகி.

ஜூன் 5, வியாழன்

புதிது வாங்கிப் போட்டுவிட்டான். செத்ததைக் குப்பை வாளியில் எறிந்திருந்தான். மீன் செதிலுக்குள் கைவிட்டு அதைத் தேடி எடுத்தேன் (உவ்வே), கழுவினேன், பின்னேரம் திரும்பவும் போட்டேன்.

அதே பிணம், இரண்டாவது சாவு.

ஜூன் 9, திங்கள்

அவன் இன்னொன்று வாங்கிப் போட்டான், நான் அதே பிணத்தைப் போட்டேன். மூன்றாவது சாவு. இந்தத் தடவை அவன் அதைக் கையில் வைத்துக்கொண்டு கெட்ட வார்த்தை சொன்னான். "எல்லாம் குப்பைச் சாமான். போட்டா ரெண்டு நாளு நிக்குதில்ல." அது அவனுடைய பழைய தோழன் என்று தெரியவில்லை. சிரிப்பை அடக்கி அடக்கி எனக்கு விக்கல் வந்துவிட்டது.

அப்பாவுக்கு இது சிரிப்பில்லை. "சனிக்கிழம புள்ளைங்கள சீகிரியா ட்ரிப் கூட்டிப் போகணும். தாய்மாரெல்லாம் வாறாங்க. செட் பாடலன்னா அடுத்த வருஷம் வேற வேனைப் புடிச்சிருவாங்க. என்னமோ பண்ணு" என்றார்.

என்னமோ பண்ணு! அவனிடம் சொல்லக்கூடிய வார்த்தையா அது?

ஜூன் 11, புதன்

என்னமோ பண்ணிவிட்டான்.

இன்று பாட்டு பிளந்துகொண்டு போனது. பின்னேரம் சீட்டைத் தூக்கிக் குழாயைத் திருகினேன். உள்ளே பளபளவென்று வெள்ளி. என் பிணத்துக்கு வெள்ளிச் சட்டை போட்டிருக்கிறான்! ஜஸ்லாவுக்கு வாந்தி வராமலிருக்கக் கொடுத்த சொக்லேட்டின் வெள்ளித்தாளை அந்தச் செத்த ஃபியூஸில் இறுக்கிச் சுற்றித் திரும்பவும் உள்ளே வைத்திருக்கிறான்.

முதலில் சிரித்தேன். பிறகு பக்கத்தில் பார்த்தேன். மூன்றாவது ஆம்புக்கு ஓடுகிற வயர் சப்பாத்து லேஸை விடக் கொஞ்சம்தான் தடிப்பு. தடித்த வயரும் அதுவும் சீட்டின் அடித் தகரத்தில் ஒரே ஓட்டையால் போகின்றன. இரண்டையும் நுழைக்க இடம் போதாமல் ஓட்டையின் ரப்பர் வளையத்தைப் பிடுங்கி எறிந்திருக்கிறான்.

சின்ன வயரைத் தொட்டேன். தோல் இளகி விரலில் ஒட்டியது. சீ... இது வேறு சீ.

ஜூன் 12, வியாழன்

காலையில் ஜஸ்லா, "தனுஷாக்கா, சீட்டு சுடுது. தோசை மாதிரி" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் அவளைப் பின்னால் இழுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். என் பாவாடையிலேயே வாந்தி எடுத்தாள். எடுக்கட்டும்.

ஸ்கூல் விட்டதும் நேராக பலீல் நானா கடைக்கு. யாரோ ஒருவருடைய வேன் என்று ஆரம்பித்தேன்.

"அது ஒங்க அண்ணன்ட வேன் தானே? ஊருக்கே கேக்குது." மனுஷன் தலையைக்கூடத் தூக்கவில்லை. "வெள்ளித்தாளா? பைத்தியமா அவனுக்கு? ஃபியூஸ் ஆம்பைக் காப்பாத்தவா போடுறது? வயரைக் காப்பாத்த! வயரு எங்கயாவது வேன்ட தகரத்தில பட்டா பெட்டரில ஈக்கிற அவ்வளவு கரண்டும் அதால பாயும். ஃபியூஸ் சாகணும். அது சாகலன்னா வயரு எரியும், வயரோட சீட்டும்."

"அப்ப மூணு ஆம்ப் வைக்கவே ஏலாதா?"

"ஏன் ஏலாது? பெரிய வயரு ஒண்டு பின்னுக்குப் போகணும், பெட்டரிக்குக் கிட்ட அதுக்கு ஃபியூஸ். பின்னுக்கு ஒரு பெட்டில மூணாப் பிரியணும். பிரியிற ஒவ்வொரு சின்ன வயருக்கும் அது தாங்குற அளவில தனி ஃபியூஸ். எர்த்துக்குப் பெயின்ட்டைச் சுரண்டி வெறும் தகரத்தில பூட்டணும். ஓட்டைக்கு ரப்பர். அவ்வளவுதான். போய் சொல்லுங்க."

போய்ச் சொன்னேன். அண்ணன் கைதட்டினான். "இது புதுப் பகிடியா? போன மாசம் டீசல் டேங்கில பல்லி விழுந்திருச்சின்னு என்னைய ரோட்டுல படுக்க வச்சவ தானே நீ?"

உண்மை. பல்லி கதைக்கு நான் அழக்கூடச் செய்தேன். இப்போது நிஜமாகவே கெஞ்சுகிறேன், அதுவும் நடிப்பாம். அம்மாவும் நம்பவில்லை. அப்பா, "படிக்கிற வேலையைப் பாரு" என்றார்.

என்ன செய்வேன்? கொம்பாஸ் பெட்டியைத் திறந்து மேசையில் கொட்டினேன். மூன்று ஃபியூஸ். லைட்டுக்கு நேரே பிடித்தேன், மூன்றிலும் கம்பி முழுசு.

"ஒன்னுமே எரியல. எல்லாத்தையும் களவா மாத்தினது நான். ஃபியூஸ் நல்லாத்தான் இருந்திச்சு. அதுல குத்தம் இல்லண்ணே. அந்த வெள்ளித்தாளை எடுத்திரு."

அப்பா ஒவ்வொன்றாக எடுத்து லைட்டில் பிடித்துப் பார்த்தார். மூன்று பேரையும் நம்ப வைத்தது மூன்று ஃபியூஸ்.

அண்ணன் என்னை அடிக்கவில்லை. அடித்திருக்கலாம். காலில் மிதிபட்ட ஏதோ அழுக்கைப் பார்ப்பது மாதிரி பார்த்தான். நான் இவ்வளவு நாளும் அவனை அப்படித்தானே பார்த்தேன்? அவன் வெள்ளித்தாள் சுற்றியது நான் செய்த வேலையால். ஜஸ்லாவின் சீட்டுக்கு அடியில் அதை வைத்தது அவன் கை, வைக்க வைத்தது நான். என்னையே எனக்குப் பிடிக்கவில்லை. கொம்பாஸ் பெட்டியில் ஒரு வாசமும் இல்லை, ஆனாலும் நாறுகிறது.

கடைசியில் அப்பா அண்ணனிடம் சொன்னார். "நாளைக்குள்ள எல்லாத்தையும் கழட்டிப் பூட்டு. இல்லாட்டி ட்ரிப்பும் இல்ல, செட்டும் இல்ல."

ஜூன் 13, வெள்ளி

பலீல் நானாவிடம் போக அண்ணனை ரோஷம் விடவில்லை. வேறு கடையில் எல்லாச் சாமானும் வாங்கி வந்து தானே பூட்டினான். நான் தூர நின்று நானா சொன்னதைச் சொன்னேன், கேட்காதவன் மாதிரி கேட்டான். பின்னால் பிரிக்கிற பெட்டி, மூன்று சின்ன ஃபியூஸ், எர்த்துக்குச் சுரண்டிய தகரம். பெட்டரி பக்கத்துக் குழாயில் என்னிடம் இருந்ததில் ஒன்று, மேசையிலிருந்து அவனே எடுத்துக்கொண்டான். பாக்கி இரண்டையும் விட்டுவிட்டுப் போனான்.

"ஓட்டைக்கு ரப்பர்?"

"தடிச்ச வயரு. ஒன்னும் ஆகாது. போ அங்கிட்டு."

இன்று என்னிடம் பேசியது அவ்வளவுதான்.

ஜூன் 14, சனி

சீகிரியா பார்த்தேன். ஏறினேன். கால் வலிக்கிறது. அதை விடு.

போகும்போது நாலந்தா தாண்டியதும் ரோட்டில் ஒரு பள்ளம். வேன் குதித்தது. பாட்டு செத்தது. மூன்று ஆம்பும் ஒரே மூச்சில்.

வேனில் இருந்த அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. கதை ஊருக்கே தெரிந்திருக்கிறது. ஸஹ்னாகூட, "ட்ரிப் நாளிலயுமாடி?" என்றாள்.

"நான் இல்ல! சத்தியமா நான் இல்ல!"

அண்ணன் ஓரமாக நிறுத்தி, கையை நீட்டினான். "எடு."

"எங்கிட்ட இருக்கிறது பழைய ரெண்டும்தான். பாரு." கொம்பாஸ் பெட்டியைப் பிரயாணப் பையில் ஏன் கொண்டுவந்தேன் என்று யாரும் கேட்கவில்லை. எனக்கும் தெரியாது.

ஜஸ்லாவை இறக்கிவிட்டு சீட்டைத் தூக்கினான். குழாயைத் திருகி ஃபியூஸை வெயிலில் பிடித்தான். புத்தம் புதுசாகக் கருகியிருந்தது. பிறகு வயரைக் கையால் தடவிக்கொண்டே போனான். தகர ஓட்டையில் கை நின்றது. அங்கே சிவப்புத் தோல் கிழிந்து செம்பு தெரிந்தது, தகரத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. ரப்பர் இருந்திருக்க வேண்டிய இடம்.

வெள்ளித்தாள் இருந்திருந்தால்...

அவன் ஜஸ்லாவைப் பார்த்தான். அவள் ரோட்டோரம் குந்தி டொஃபி சப்பிக்கொண்டிருந்தாள். அவன் முகம் அவளைவிடச் சின்னப் பிள்ளை மாதிரி ஆகிவிட்டது.

பக்கத்து டயர் கடையில் பழைய டியூப் துண்டு ஒன்று கேட்டு வாங்கினான். கிழிந்த இடத்துக்கு டேப், ஓட்டை விளிம்பு முழுக்க ரப்பர். நான் வயரைத் தூக்கிப் பிடித்தேன். இழுத்து, ஆட்டி, திரும்பவும் இழுத்துப் பார்த்தான். அதற்குப் பிறகுதான் கையை நீட்டினான்.

"இப்ப ஒன்னு குடு."

கொடுத்தேன். கருகியதை எறியப் போனான், பிறகு சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

ஜூன் 16, திங்கள்

ஜஸ்லாவை ஏற்றுவதற்கு முன் சீட்டைத் தூக்கி வயரைத் தொட்டுப் பார்த்தான். ஓட்டையில் பலீல் நானா கடை ரப்பர் வளையம், கறுப்பாக, புதிதாக. எப்போது போனான்? கேட்கவில்லை. "சூடில்ல. ஏறு" என்றான்.

பாட்டு அதே பாட்டு. பேஸ் அதே பேஸ். நான் எதிலும் கை வைக்கவில்லை.

ஜஸ்லா திரும்பி என் சப்பாத்தில் வாந்தி எடுத்தாள். சத்தர்ஷன் கண்ணாடியில் பார்த்துச் சிரித்துவிட்டு, சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தான்.

கொஞ்சம்தான். சீ.