ப்ளூராவுக்குப் பீடி தெரியாது

என் செல்ல நைனாவுக்கு,

நீ போன பிறகு ஒரு புது வார்த்தை கற்றுக்கொண்டேன். ப்ளூரா. கவரைப்பேட்டையில் புதிதாகத் திறந்த பேக்கரி பெயர் மாதிரி இல்லை? நுரையீரலுக்கும் நெஞ்சுக்கூட்டுக்கும் நடுவில் இருக்கிற மெல்லிய சவ்வாம். உனக்கு அதில்தான் புற்று வந்து நீர் கோத்திருக்கிறது.

"ஆஸ்பெஸ்டாஸ் கூரை ஷீட்டுக்குப் போடுற கல்நார்த் தூசு செஞ்ச வேலை தம்பி. பீடிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல" என்றார் டாக்டர். நீ பீடி குடித்தது நிஜம்தான். ஆனால் இத்தனை வருஷம் ஷீட் கம்பெனியில் நீ குடித்த தூசு?

போன வாரம் கம்பெனிக்கு ஆய்வு அதிகாரி வந்தார். அன்றைக்கு மட்டும் காலையில் எல்லாருக்கும் ரப்பர் மாஸ்க் கொடுத்து, சாயங்காலம் கேட்டில் கோணிப்பையை விரித்துத் திரும்ப வாங்குவார்களே, அதே கூத்து. இந்த முறை கான்ட்ராக்டர் தணிகாசலம் உன் போட்டோவையும் வைத்து, மாலை போட என்னைக் கூப்பிட்டார். மைக்கைப் பிடித்து, "பீடிய உட்றா உட்றான்னு தலபாடா அடிச்சிக்கினேன், கேக்கலியே!" என்று அழுதார். கண்ணீர் மட்டும் வரவில்லை. அதிகாரி தலையாட்டினார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உன் கூட்டாளி முனுசாமி மாமாவின் காதைக் கடித்தேன்.

"மாமா, எல்லாரும் மாஸ்க்குக்குள்ள நல்லா மூக்கச் சிந்திடுங்க."

"த்தூ! இன்னாடா அசிங்கம்?"

"அப்பத்தான் அந்தாளு திருப்பி வாங்கமாட்டாரு. ஊட்டுக்குப் போய் கழுவிக்கினா போச்சு."

சாயங்காலம் கான்ட்ராக்டர் கோணிக்குள் கையை விட்டார். "இன்னாடா இது, கொழகொழன்னு?"

"சளி சார். பீடிச் சளி" என்றார் மாமா.

"நீங்களே வெச்சிக்கினு தொலைங்கடா!"

இப்போது தினமும் எல்லார் முகத்திலும் மாஸ்க். முகமூடி போட்டவன் உழைப்பாளி, போடாதவன் திருடன். இந்த அதிசயம் வேறெங்கே உண்டு?

சிரிக்கிறாயா? இது வெறும் நாஷ்டா நைனா, சாப்பாடு இனிமேல்தான். டாக்டர் எழுதிக் கொடுத்ததை வைத்து அம்மா கம்பெனி மேலும் கான்ட்ராக்டர் மேலும் வழக்குப் போட்டுவிட்டாள். நேற்று கான்ட்ராக்டர் வீட்டுக்கே வந்து, "சமாதானமா போய்டலாம் தங்கச்சி" என்றார்.

"அவரு மூச்ச திருப்பிக் குடு. அப்பால சமாதானம் பேசு" என்று அம்மா கதவைச் சாத்தினாள்.

கடைசி நாட்களில், படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே விடியவைத்தாய். உன் தலை பட்ட எண்ணெய்க் கறை இன்னும் அங்கே இருக்கிறது. சத்தியமாகச் சொல்கிறேன்: தீர்ப்பு வரும்வரை அந்தக் கான்ட்ராக்டரையும் ஒரு ராத்திரிகூட நிம்மதியாகப் படுக்க விடமாட்டேன்.

இன்னும் மூச்சு இருக்கிற,
உன் வாலு மகன்