கூரையைத் தொடாத சுவர்

அன்புள்ள அம்மாவுக்கு,

போனில் பேசினால் அப்பாவுக்குக் கேட்கும், லயத்தில் வரிசையாக இருக்கும் அத்தனை வீட்டுக்கும் கேட்கும். அதனால்தான் குவைத்துக்குக் கடிதம் எழுதுகிறேன்.

"சங்கீதம் படிச்சவளுக்குக் கட்டடக்கலை மேல எப்படி ஆசை வந்துச்சு?" என்று கேட்டீர்கள். நம் வீட்டுச் சுவரால்தான் வந்தது. அது கூரையைத் தொடாமல் நின்றுவிடுவதால், நான் பாடினால் பக்கத்து வீட்டு ராக்காயி அக்கா அடுப்படியிலிருந்தே தாளம் போடுவார். மழை வந்தால் தகரச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்காது. அதே பாட்டைக் கோயில் மண்டபத்தில் மெதுவாகப் பாடினாலும் கடைசி ஆள் வரை போகும். குரலுக்குத் தகுந்த மாதிரி வீடு கட்ட முடியுமா என்று அப்படித்தான் யோசிக்க ஆரம்பித்தேன்.

மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலைப் படிப்புக்கான உளச்சார்புப் பரீட்சை போன கிழமை நடந்து முடிந்தது. நான் போகவில்லை. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

அப்பா நன்றாக இருக்கிறார். கஞ்சி குடிக்கிறார். கொஞ்சம் இருமல், அவ்வளவுதான். உங்களை வரச் சொல்லவில்லை. நீங்கள் வேலை செய்யும் அந்த வீட்டில் விடமாட்டார்கள் என்று தெரியும்.

இப்போது நான் பாடுவதில்லை. நேற்றுக் காலை ராக்காயி அக்கா கொழுந்து பறிக்கப் பெரட்டில் பேர் கொடுக்கப் போகாமல் நம் வாசலில் வந்து நின்றார்.

"என்ன புள்ள, அப்பா இருமுற சத்தமே கேக்கல?"

"தூங்குறாங்க அக்கா" என்றேன்.

அவர் உள்ளே வந்து அப்பாவின் மூக்கருகே கை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போனார். அவர் போன பிறகு நானும் வைத்துப் பார்த்தேன்.

இப்படிக்கு,
உங்கள் மகள்