எங்கள் பக்கத்துக்கு ஒரே ஒரு ஈரல் வைத்தியர்

என் ஒரே கூடப்பிறப்பே, அன்ரன் அண்ணை,

நீங்கள் போய் ஒரு வருசமும் ஐந்து மாதமும் ஆகிவிட்டன. கல்லறையில் ‘சமாதானத்தில் இளைப்பாறுக’ என்று எழுதக் கேட்டார்கள். நான் விடவில்லை, பெயர் மட்டும் போதும் என்றேன். எனக்கு வராத சமாதானத்தை உங்கள் தலைமாட்டில் எப்படி எழுதி வைப்பது? இந்தக் கடிதத்தை ஊரார் படிக்கட்டும். கொழும்பில் மேசையைச் சுற்றி இருந்தவர்களும் படிக்கட்டும்.

நீங்கள் நெடுந்தீவில் வலை போட்டுப் பிழைத்தவர். சீனி வருத்தம் இருந்தது, கொஞ்சம் உடம்பும் இருந்தது. கள்ளைக்கூட வாயில் வைத்தது கிடையாது. அந்தத் துறையில் குடிக்காதவர் நீங்கள் ஒருவர்தான் என்று கூட்டாளிகள் பகிடி பண்ணுவார்கள். அப்படிப்பட்ட உங்களுக்கு வயிறு ஊதி, கால் வீங்கி, கண் மஞ்சளானது. முதலில் பார்த்த இடத்தில் உங்களிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ‘குடியால் வந்த ஈரல் வருத்தம்’ என்று அட்டையில் எழுதினார்கள். மீன்பிடிக்காரன், தீவான், ஆண். அவர்களுக்கு அது போதுமாக இருந்தது.

நான் பன்னிரண்டு வருசமாக நோயாளர் விடுதியில் வேலை செய்யும் தாதி. சீனியாலும் கொழுப்பாலும் ஈரல் இறுகும், அதற்குக் குடி தேவையில்லை என்று படித்தவள். ஆனாலும் அந்த அட்டையைப் பார்த்துவிட்டு நானும் குசினி வாசலில் நின்று கேட்டேனே:

“அண்ணை, உண்மையைச் சொல்லுங்கோ. எனக்குத் தெரியாமல் குடிக்கிறனீங்களோ?”

நீங்கள் கோபிக்கவில்லை. “நீயுமோ பிலோ?” என்று மட்டும் கேட்டுவிட்டு வலையைத் தூக்கிக்கொண்டு போனீர்கள். அந்தக் கேள்விக்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் ஈரலுக்கு ஒரே ஒரு டொக்டர், தனிக் கிளினிக் இல்லை. கொழும்புக்குக் கடிதம் தந்தார்கள். படகு, பேருந்து, வரிசை, திரும்பப் பேருந்து, படகு. போய் வர மூன்று நாள். “சீசன் முடியட்டும், போறன்” என்று முதல் திகதியை விட்டுவிட்டீர்கள். அதற்காக உங்கள் மேலும் எனக்குக் கோபம் உண்டு, மறைக்க மாட்டேன். அடுத்த திகதி நாலு மாதம் கழித்துத்தான் கிடைத்தது. அந்தத் திகதி வந்தபோது உங்களுக்கு முப்பத்தோராம் நாள் பூசை முடிந்திருந்தது.

நீங்கள் இறந்த நாள் காலை நான் லீவில் வீட்டில் நின்றேன். நீங்கள் கிணற்றடியில் குனிந்து நின்று சத்தி எடுத்தீர்கள். அத்தனையும் இரத்தம். ஈரல் இறுகினால் உணவுக்குழாயில் இரத்தக் குழாய்கள் புடைக்கும், ஒரு நாள் வெடிக்கும். கமராக் குழாயை உள்ளே விட்டு, வெடித்த இடத்தில் சின்ன றப்பர் வளையத்தைப் போட்டுக் கட்டினால் பெரும்பாலும் நின்றுவிடும். அது எனக்குத் தெரியும். அதனால்தான் படகில் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, “ஒண்டும் இல்லையண்ணை, கட்டலாம்” என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

குறிகட்டுவான் இறங்குதுறையில் அம்புலன்ஸ் நின்றது. மடத்துவெளி தாண்டும்போது கண்ணைத் திறந்து, “உன்ர சட்டை பழுதாப் போச்சு” என்றீர்கள். அதுதான் நீங்கள் என்னோடு பேசிய கடைசிப் பேச்சு.

ஆஸ்பத்திரியில் உங்களுக்கு இரத்தம் ஏற்றினார்கள், மருந்து ஏற்றினார்கள், ஓடித் திரிந்தார்கள். ஆனால் வளையம் போடத் தெரிந்தவர் அந்த ஒரே டொக்டர்தான். மனைவிக்குப் பிள்ளைப்பேறு என்று முதல் நாள்தான் லீவில் போயிருந்தார். கமராக் குழாய் அலுமாரிக்குள் இருந்தது, அதைப் பிடிக்கக் கை இல்லை. நீங்கள் மூன்று மணித்தியாலம் தாக்குப் பிடித்தீர்கள்.

அந்த டொக்டர் திரும்பி வந்து, என் முன்னால் தலை குனிந்து நின்றார். அவரை நான் ஏசவில்லை. பிள்ளை பிறக்கும்போது ஒரு மனிதன் வீட்டுக்குப் போகக் கூடாதா? ஒருவர் போதும் என்று எழுதியவர்கள் யார்? அவர்களைத்தான் தேடினேன்.

அண்ணை, அவர்களைக் கண்டேன். நாடு முழுவதற்கும் ஈரல் வைத்தியர்கள் எத்தனை பேர் வேண்டும், யாரை எங்கே போடுவது என்று திட்டம் எழுத ஒரு குழு கூடியது. தாதியர் சார்பில் ஒருவர் வரட்டும் என்றார்கள். அந்த இடத்தை நான் கேட்டு வாங்கிக்கொண்டு போனேன். குளிரூட்டிய மண்டபம், திரையில் ஓர் அட்டவணை. எங்கள் பக்கத்துக்கு நேரே ‘ஒன்று’ என்று இருந்தது. அடுத்த பத்து வருசத்துக்கும் ஒன்றுதான்.

நான் எழும்பிக் காரணம் கேட்டேன். பதில் சொன்னவர் எங்கள் ஊர்ப் பக்கத்தவர், பெரிய வைத்தியர். எனக்கு விளங்கட்டும் என்று தமிழிலேயே சொன்னார்.

“தங்கச்சி, உங்கட பக்கம் நோயாளிகள் குறைவு. அதிலயும் தீவுச்சனம் குடியை விட்டாத்தானே? குடிக்கிறவைக்கு இன்னொரு டொக்டரைப் போட்டு என்ன செய்யிறது?”

“நோயாளிகள் குறைவு எண்டு எப்பிடி எண்ணினீங்கள், ஐயா?”

“கொழும்புக் கிளினிக்குக்கு உங்கட பக்கத்தில இருந்து வந்தாக்களின்ர கணக்கு.”

“வந்து சேர ஏலாமல் செத்தாக்களை ஆர் எண்ணினது? என்ர அண்ணை குடிக்காத மனிசன். அவரை நீங்கள் குடிகாரன் எண்டு எழுதினீங்கள். நோயாளி எண்டு எண்ணவே இல்லை.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் உட்காரவில்லை.

“இன்னொண்டு கேக்கிறன். அந்த ஒரு டொக்டர் லீவில போற நாளில இரத்தம் சத்தி எடுத்துக்கொண்டு ஒரு ஆள் வந்தால், உங்கட திட்டத்தில என்ன எழுதியிருக்கு?”

பக்கத்தில் இருந்தவர் நான் சொன்னதை மற்றவர்களுக்கு மொழிபெயர்த்துச் சொன்னார். தலைவர் எதையோ குறித்துக்கொண்டு, தேநீருக்குப் போகலாம் என்றார். நான் அந்தத் தேநீரைத் தொடவில்லை.

நாலு மாதம் கழித்துத் திருத்திய திட்டம் வந்தது. ‘இரண்டு’ என்று மாற்றியிருந்தார்கள். பக்கத்தில் சின்ன எழுத்தில் ‘ஆள் கிடைக்கும் பட்சத்தில்’. அதுவரை தீவுகளில் மாதம் ஒருமுறை கிளினிக், அதை நடத்தப் பயிற்சி பெற்ற ஒரு தாதி. பயிற்சிக்கு என் பெயரையே போட்டிருந்தார்கள். என் வாயை அடைக்கப் பார்க்கிறார்கள் என்று தோன்றியது. கடிதத்தைக் கிழிக்கப் போனேன்.

உங்கள் மனைவி, என் றெஜினா மச்சாள்தான் பறித்தாள். “டொக்டரைக் கேட்டால் தாதியைத் தாறாங்கள், அதுவும் என்னையே!” என்று கத்தினேன்.

“கத்து. ஆனா போ,” என்றாள். “நீ போகாட்டி இந்தக் கடதாசி மட்டுந்தான் மிஞ்சும். வாற சனத்துக்குக் கடதாசியையே காட்டப் போறாய்?”

போனேன். கொழும்பில் ஆறு மாதம் படித்தேன். ஈரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று வெளியிலிருந்தே பார்க்கும் கருவியோடு போன பங்குனியில் நெடுந்தீவுக்கு வந்தேன். முதல் நாள் மூன்று பேர்தான் வந்தார்கள். ஈரல் கிளினிக்குக்குப் போனால் குடிகாரன் என்று ஊர் சொல்லும் என்று மற்றவர்களுக்குப் பயம். வந்த மூவரில் ஒருவர் உங்களோடு கடலுக்குப் போன சவிரி அண்ணை. பின்கதவால்தான் வந்தார்.

“பிலோ, எனக்கும் அன்ரனுக்கு வந்ததோ?” என்றார்.

கருவியை வைத்துப் பார்த்தேன். அதே வருத்தம்தான். மறுநாளே நானே படகில் கூட்டிப்போனேன். கமராக் குழாய் விட்டுப் பார்த்தபோது உள்ளே இரத்தக் குழாய்கள் வெடிக்கிற நிலையில் நின்றன. அந்த ஒரே டொக்டர்தான் ஐந்து வளையம் போட்டார். சவிரி அண்ணை இப்போது மருந்தெடுக்கிறார், உப்பைக் குறைத்திருக்கிறார், என்னைத் திட்டிக்கொண்டே கிளினிக்குக்கு வருகிறார்.

மச்சாள் மெழுகுதிரி கொளுத்தி நன்றி சொன்னாள். எனக்கு நன்றி வரவில்லை, அண்ணை. சவிரி அண்ணையை நான் கூட்டிப்போன கிழமை டொக்டர் ஊரில் நின்றார். உங்களைக் கொண்டுபோன கிழமை நிற்கவில்லை. ஒரு மனிதன் வாழ்வதும் சாவதும் இன்னொருவருடைய லீவு நாளைப் பொறுத்ததென்றால் அதற்குப் பெயர் திட்டமா?

இரண்டாவது டொக்டர் இன்னும் வரவில்லை. ஆள் கிடைக்கவில்லையாம். அடுத்த கூட்டம் ஆவணியில். கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் போவேன். வைத்தியத்துக்குப் படகில் யார் போனார்கள், யார் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவில்லை என்று துறையில் வீடு வீடாகக் கேட்டு ஒவ்வொரு பெயராக எழுதிக்கொண்டிருக்கிறேன். அவர்கள் எண்ணாதவர்களின் பெயர்களை அந்த மண்டபத்தில் எழும்பி நின்று வாசிப்பேன், நிறுத்தச் சொன்னாலும் வாசிப்பேன். இது நான் உங்களுக்குத் தரும் வாக்கு.

அடங்காமல் இருக்கும்,
உங்கள் தங்கச்சி
பிலோமினா