மறுத்தவர்

ஜூன் 22

அக்காவுக்கு,

போனில் பேசினால் நான் கத்துகிறேன், நீ வைத்துவிடுகிறாய். அதனால் கடிதம். சின்னவளிடம் மாமா விசாரித்ததாகச் சொல். மாற்றல் வந்த இந்தக் கிளையும் பழையது மாதிரியேதான். அதே குளிர்பதனக் கிடங்கு, அதே அம்மோனியா வாடை. மேலாளரின் தொப்பை மட்டும் வேறு.

விஷயத்துக்கு வருகிறேன். விசாரணை அறிக்கையைப் படித்துவிட்டேன். போன வருஷம் ஜூலை இருபது, கம்பெனியின் பாதுகாப்பு நாள் அன்று, எச்சரிக்கை மணியை அத்தானே அணைத்துவிட்டு மறந்துவிட்டாராம். "கம்ப்ரசர் ஆபரேட்டரின் கவனக்குறைவு" என்று எழுதியிருக்கிறார்கள். வாயு கசிந்தது யாருக்கும் தெரியாமல் போனதற்கும், அவரும் இன்னும் மூன்று பேரும் செத்ததற்கும் அவரே பொறுப்பாம். செத்தவர் எழுந்து வந்து இல்லை என்று சொல்லப்போவதில்லை, அந்தத் தைரியம்தான்.

நீதானே பத்திரிகையில் 'இந்த நாள்' பத்தி எழுதுகிறாய். ஜூலை இருபதுக்கு நிலவில் மனிதன் இறங்கியதைப் போடுவாய், சதுரங்க நாளைப் போடுவாய். அத்தானுக்கும் ஒரு வரி போடு. உண்மையான வரி. ஊர் முழுக்க அந்தப் பத்தியைப் படிக்கிறது.

சாப்பிட்டாயா என்று கேட்டுப் பதில் எழுதாதே. போடுகிறாயா இல்லையா, அதைச் சொல்.

தம்பி


ஜூலை 1

என் அருமைத் தம்பிக்கு,

சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. சாப்பிடவில்லை என்று கையெழுத்திலேயே தெரிகிறது.

சின்னவளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. அப்பா வந்து பார்த்தால் தன்னை அடையாளம் தெரியாதே என்று ஒரு நாள் முழுக்க அழுதாள். வீட்டில் இப்படி ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் நான் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து பத்தி எழுதுகிறேன். நிகழ்வுகள், பிறந்தோர், மறைந்தோர், சிறப்பு நாள். உன் அத்தான் பின்னால் நின்று படித்துவிட்டு, "செத்தாத்தான் இதுல இடம் கிடைக்குமா?" என்று கேலி செய்வார். "பெரிய மனுஷனா செத்தா கிடைக்கும், நீங்க போய்ப் படுங்க" என்பேன். அப்படித்தான் பேசிக்கொண்டோம்.

இந்த வருஷமும் ஜூலை இருபதில்தான் பாதுகாப்பு நாளாம். என்னை மேடையில் உட்காரச் சொல்லிக் கம்பெனியிலிருந்து வந்தார்கள். பத்தியில் 'சிறப்பு நாள்' தலைப்பில் அதைச் சேர்க்கவும் சொன்னார்கள். பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டேன்.

நீ கேட்ட வரி வேண்டாம் தம்பி. அவர் போய்விட்டார். நீ இருக்கிறாய். இதற்கு மேல் என்னைக் கேட்காதே.

அக்கா


ஜூலை 5

அக்காவுக்கு,

"நீ இருக்கிறாய்" என்றால் என்ன அர்த்தம்? இருக்கிறேன்தான். அதனால்தான் கேட்கிறேன்.

என்ன நடந்தது என்று உனக்கு யாரும் ஒழுங்காகச் சொல்லியிருக்க மாட்டார்கள். சொல்கிறேன், கேள். காற்றில் ஈரம் ஏறினால் அந்த மணி வாயுவே இல்லாமல் அலறும். உணர்கருவியை மாற்றுங்கள் என்று கருவிப் பொறியாளன் நான் கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம். அன்றைக்கு முற்றத்தில் சிறப்பு விருந்தினர் பாதுகாப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். மணி இரண்டு தடவை குறுக்கே அலறியது, எல்லோரும் சிரித்தார்கள். மேலாளர் கம்ப்ரசர் அறைக்குப் போன் போட்டு, என்னிடம் சாவி வாங்கி மணியை நிறுத்தச் சொன்னார். அத்தான் மறுத்துவிட்டார். ஸ்பீக்கரில் என் காதாலேயே கேட்டேன்: "அது கத்தினாத்தான் சார் நான் ஓட முடியும். நிறுத்தணும்னா நீங்களே வந்து நிறுத்துங்க."

மேலாளர் உடனே பக்கத்தில் நின்ற என்னிடம் திரும்பி மணிப்பெட்டிச் சாவியைக் கேட்டார், வாங்கிக்கொண்டு போய் அணைத்தார். பேச்சு முடிவதற்குள் கம்ப்ரசர் சீல் பிய்த்துக்கொண்டு வாயு கசிந்தது. அத்தானுக்கு எப்படித் தெரியும்? மணி அடிக்கவில்லையே.

உன் பத்தியில் வருஷா வருஷம் வருகிற நிலவுக்காரர்களுக்கும் இறங்கும்போது எச்சரிக்கை வந்தது, தெரியுமா? யாரும் அதை வாயை மூடச் சொல்லவில்லை. கீழே இருந்தவர்கள் என்ன ஏது என்று பார்த்துவிட்டுத்தான் இறங்கச் சொன்னார்கள். அவ்வளவுதான் வித்தியாசம். படித்த மேலாளர் நம் ஆள்!

இதையெல்லாம் விசாரணையில் சொல்ல நான் தயாராகத்தான் இருந்தேன். என்னைக் கூப்பிடவே இல்லை. அதற்குள் இங்கே மாற்றிவிட்டார்கள். ஏன் என்று இன்றுவரை புரியவில்லை.

தம்பி


ஜூலை 10

தம்பிக்கு,

உனக்கு எல்லா இயந்திரமும் புரிகிறது. இது மட்டும் புரியவில்லை என்கிறாய். உன் கடிதத்தை நீயே இன்னொரு தடவை படித்துப் பார். சாவி யாரிடம் இருந்தது?

காரியம் முடிந்த மறுநாள் கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். நாற்காலி போட்டேன், உட்காரவில்லை. மணியை நிறுத்தியதற்கு யாராவது ஒருவர் பொறுப்பேற்க வேண்டுமாம். மேலாளர் சாவியைத் தொடவே இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டாராம். சாவி ஒன்றுதானாம், அது உன் பொறுப்பிலாம். ஆபரேட்டர் உன்னிடம் வாங்கிப் போனார் என்று குடும்பம் ஒத்துக்கொண்டால் விஷயம் அவரோடு முடியும். இல்லையென்றால் உன் மேல் நாலு உயிருக்கு வழக்கு. "உங்க வீட்டு ஆள்தான் ரெண்டு பேரும். நீங்களே சொல்லுங்கம்மா" என்றார்கள்.

செத்தவரை யாரும் ஜெயிலில் போட முடியாது. அதை மட்டும்தான் யோசித்தேன். உன்னிடம் சாவி வாங்கி மணியை அணைப்பது வழக்கம் என்று அவர் சொல்லி நான் கேட்டேன் என்று கையெழுத்துப் போட்டேன். உன்னை விசாரிக்காமல் தூரத்துக்கு அனுப்பிவிடுங்கள் என்று கேட்டதும் நான்தான்.

அவருடைய சட்டைகளை இன்னும் மடித்துத்தான் வைக்கிறேன். மடிக்கும்போது மன்னிப்புக் கேட்கிறேன். உன்னிடம் கேட்க மாட்டேன்.

அக்கா


ஜூலை 15

அக்காவுக்கு,

படித்தேன். உன் மேல் கோபம் இல்லை.

சாவி கொடுத்தது தப்பு என்று எனக்கு இந்த ஒரு வருஷத்தில் ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. மேலதிகாரி கேட்டார், கொடுத்தேன். அத்தானிடமும் அதே ஆள்தான் கேட்டார். அவர் முடியாது என்றார்.

நேற்று போலீசில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். நாளை வரச் சொல்லியிருக்கிறார்கள், திரும்ப விடுவார்கள் என்று தோன்றவில்லை. வக்கீல், கிக்கீல் என்று அலையாதே. நீ போட்ட கையெழுத்து மிரட்டி வாங்கியது என்றும் சொல்லியிருக்கிறேன்.

வரி இதுதான். பெயர் போட்டால் பத்திரிகை மேல் வழக்கு வரும், அதனால் வேலையை மட்டும் போடு:

"குளிர்பதனக் கிடங்கில் வாயு கசிந்து நால்வர் பலி (கடந்த ஆண்டு). எச்சரிக்கை மணியை நிறுத்தியவர் மேலாளர். சாவி கொடுத்தவர் கருவிப் பொறியாளர். மறுத்தவர் கம்ப்ரசர் ஆபரேட்டர்."

என்னைப் பற்றி எப்படி வேண்டுமானாலும் எழுது. அத்தானை மட்டும் சரியாகப் போட்டுவிடு. அந்த ஒரு சொல் போதும்.

தம்பி


ஜூலை 21

தம்பிக்கு,

இதை வக்கீல் உன்னிடம் கொடுப்பார். அலையாதே என்றாய், அலைந்தேன். மேலாளர் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டாராம். உள்ளே இருப்பது நீ ஒருவன்தான்.

மேடைக்கு நான் போகவில்லை. நீ சொன்ன வரியை நீ சொன்னபடியே எழுதி அனுப்பினேன். ஆசிரியர் என் பத்தியைப் படிப்பதே இல்லை, பிழை திருத்துபவர் பார்த்ததும் நேரே அச்சுக்குப் போய்விடும். நேற்றுக் காலை கதவைத் திறந்து வாசலிலேயே நின்று படித்தேன். நிலவு இருந்தது. சதுரங்கம் இருந்தது. கடைசியில் நம் வரி இருந்தது.

"எச்சரிக்கை மணியை நிறுத்தியவர் மேலாளர். சாவி கொடுத்தவர் கருவிப் பொறியாளர். மறைந்தவர் கம்ப்ரசர் ஆபரேட்டர்."

பிழை திருத்துபவருக்குப் போன் போட்டேன். நல்ல பையன், என்மேல் பிரியம் உள்ளவன். "ரெண்டு எழுத்து தப்பா விழுந்திருந்ததுக்கா. நல்ல வேளை நான் பார்த்தேன்" என்றான். நம் வீட்டுச் சமாசாரம் என்று அவனுக்குத் தெரியாது. என்னால் அவனைத் திட்டவும் முடியவில்லை.

ஆசிரியரிடம் போய்த் திருத்தம் கேட்டேன். இன்றைக்கு வேறு தேதியாம், இந்தப் பத்தியில் அன்றன்றைய தேதிதான் வருமாம். "அடுத்த வருஷம் இதே நாளில் சரியாப் போட்டுடலாமே" என்றார். அடுத்த வருஷம் பத்தியை எழுதப்போவது யார் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

காலையிலிருந்து தெருவில் நாலு பேர் கேட்டுவிட்டார்கள், சாவி கொடுத்தது உன் தம்பிதானே என்று. அவரைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அதில் கேட்க என்ன இருக்கிறது? மறைந்தவர் என்றுதான் போட்டிருக்கிறதே.

அவருடைய சட்டை இரண்டு கொடுத்தனுப்பியிருக்கிறேன். தோள் உனக்குச் சரியாக இருக்கும்.

அக்கா