சேர்த்துச் சொல்ல வேண்டிய சொல்

அன்புள்ள அப்பாவுக்கு, ஒஸ்லோவிலிருந்து றெஜினா. நான் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? போனில் சொன்னால் அம்மா அழுதுவிடுவார் என்றுதான் எழுதுகிறேன்.

இங்கே தாதி வேலை பார்க்க மொழிப் பரீட்சையில் தேற வேண்டும். போன கிழமை அதில் பேச்சுக்குக் கூப்பிட்டார்கள். நோர்வே மொழியில் தாதியை 'சீக்கெப்ளையர்' என்பார்கள். இரண்டு சொற்கள் ஒட்டிய ஒரே சொல். ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். நான் பதற்றத்தில் நடுவில் நிறுத்தி, "சீக்கெ... ப்ளையர்" என்றேன். பிரித்துச் சொன்னால் நோயில் விழுந்த தாதி என்று அர்த்தமாம். கேள்வி கேட்டவர், "அப்படியென்றால் வீட்டில் படுத்திருக்கலாமே" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு கேட்டதற்கெல்லாம் பிழை பிழையாகச் சொன்னேன். பரீட்சையில் தவறிவிட்டேன்.

கண்டியில் பதினொரு வருஷம் தாதியாக வார்டில் நின்றவள், இங்கே முதியோர் இல்லத்தில் படுக்கை விரிக்கிறேன். அது பழகிவிட்டது.

ஞாயிறு பூசை முடிந்ததும் "எங்க மக நோர்வேயில நேர்ஸ்" என்று யாரிடமும் சொல்லாதீங்க அப்பா. வேலை செய்கிறாள் என்றால் போதும்.

சித்தி மகள் டிலானி தாதிப் பயிற்சிக்குச் சேர்ந்திருக்கிறாளாமே. அலுமாரியில் உள்ள என் வெள்ளை உடுப்புகளை அவளிடம் கொடுத்துவிடுங்கள். அம்மா இல்லாத நேரமாகப் பார்த்துக் கொடுங்கள்.

பஸ் வந்துவிட்டது.

உங்கள் மகள்
றெஜினா