தாலி அரிசிப் பானைக்குள் இருக்கிறது

செழியன் அப்பாவுக்கு,

ஏழு மணி பஸ்ஸில் தங்கை வேம்புவோடு தஞ்சாவூர் போகிறேன். நீங்கள் வயலிலிருந்து வரும்வரை நின்றால் மறுபடியும் வாக்குவாதம் வரும். கருவாட்டுக் குழம்பு மூடியிருக்கிறது, சூடு பண்ணிக்கொள்ளுங்கள்.

தைராய்டால் பிதுங்கிய என் கண்ணுக்குப் பின்னால் வீக்கம் இன்னும் இருக்கிறதா, தழும்பாகிவிட்டதா என்பதை ஸ்கேன்தான் காட்டுமாம். வீக்கமாக இருந்தால் மருந்திலேயே அடங்கலாம் என்றார் டாக்டரம்மா. அதனால் வீக்கம் தெரிய வேண்டும் என்று வேண்டிக்கொண்டு போகிறேன். எனக்கே சிரிப்பு வருகிறது.

அந்த மெஷின் காந்தமாம், ஒரு நகையும் கூடாது. தாலியைச் சின்னச் செம்பில் போட்டு அரிசிப் பானைக்குள் வைத்திருக்கிறேன். கழுத்தில் மஞ்சள் கிழங்கு கட்டிய கயிறு இருக்கிறது. கட்சி மேடையில் தாலியே வேண்டாம் என்று பேசுகிறவர், நேற்று "தாலியக் கழட்டிட்டுத்தான் படுக்கணுமா?" என்று கத்தினீர்கள். பயத்தில் கத்தினீர்கள் என்பது காலையில்தான் புரிந்தது. நீங்கள் நினைத்ததுபோல நானும் முறைக்கவில்லை. இந்த நோயில் இமை இறங்குவதில்லை, அவ்வளவுதான்.

மருதையன் அண்ணன் குத்தகை வழக்குக் காகிதத்தோடு வருவார். நான் எங்கே என்று கேட்டால் ஸ்கேனுக்குப் போயிருக்கிறாள் என்றே சொல்லுங்கள். மறைக்க வேண்டாம்.

அம்சம்

பி.கு: சாயங்காலம் வந்ததும் தாலியை நீங்களே கட்டிவிடுங்கள். கல்யாணத்தன்று தலை குனிந்தே இருந்துவிட்டேன். இந்த முறை உங்கள் முகத்தைப் பார்க்கப் போகிறேன். முறைக்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள்.