சதுரமாக இருந்த கொசுக்கடி

அன்பு மகள் பாப்புவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான் நலம். அங்கே நீ நலமா என்று அடுத்த வரியில் கேட்பதுதான் வழக்கம், ஆனால் நலமில்லை என்று நீயே போன ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்லிவிட்டாய், தெரிந்துகொண்டே கேட்டால் நன்றாக இருக்காது. சீக்கிரம் தேறிவிட வேண்டும் என்று மட்டும் எழுதிக்கொள்கிறேன். போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குக் காகிதத்தைத் தூக்கினார் என்று நினைப்பாய். உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லத்தான் இந்த வாரத்தில் மூன்று தடவை கூப்பிட்டேன், மூன்று தடவையும் நீ எடுத்தவுடன் "சாப்டீங்களாப்பா" என்று கேட்டாய், நானும் சாப்பிட்டேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். இருபத்திரண்டாம் தேதி உன்னை அந்த ஆராய்ச்சியில் வைத்துக்கொள்வதா வெளியே அனுப்புவதா என்று முடிவு செய்வார்கள் என்றாயே, அதற்குள் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்தாக வேண்டும். கூரியர்காரர் ஒரு வாரம் என்கிறார். இன்னும் பதினொரு நாள் இருக்கிறது.

முதலில் வீட்டுச் செய்தி, அது சுலபம். அத்தைக்கு முழங்கால் வலி குறையவில்லை, ஆனால் வாய்க்கு ஒரு குறையும் இல்லை, தினம் சாயங்காலம் கூப்பிட்டு "அண்ணா, தனியா எதுக்குக் கஷ்டப்படறீங்க, இங்க வந்துடுங்க" என்கிறாள். அங்கே போனால் டிவிக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் நடுவில் நான் ஒரு நாற்காலி மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும். சமையலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றினேன், மறுபடி சொட்டுகிறது, விட்டுவிட்டேன், ஏதோ ஒரு சத்தமாவது இருக்கட்டும். கீழ்வீட்டுத் தையல்கார அம்மா மகளின் பிரசவத்துக்கென்று பத்து நாள் போயிருந்தார். அந்தப் பத்து நாளும் எனக்கு மணியே தெரியவில்லை. அவர் மிஷின் ஓடினால் காலை, பகல் ஒரு மணிக்கு நின்றால் சாப்பாடு, திரும்ப ஓடினால் காபி என்றுதான் என் நாள் போய்க்கொண்டிருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. உன் அம்மா போய் மூன்று வருடம் ஆகிவிட்டது, இன்னும் அடுப்பில் இரண்டு பேருக்குத்தான் தண்ணீர் வைக்கிறேன். நீ விட்டுப்போன ரப்பர் செருப்பு வாசலில் அப்படியே கிடக்கிறது. எடுத்து வைக்கலாம்தான், ஆள் இருக்கிற வீடு மாதிரி தெரிகிறதே என்று விட்டிருக்கிறேன்.

சரி, எவ்வளவு நேரம்தான் குழாயையும் செருப்பையும் பற்றி எழுதுவது. ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று எழுதிப் பார்க்கிறேன், தப்பிருந்தால் திருத்து. எட்டு வருடமாக உன்னைப் பாடாய்ப்படுத்தும் பெருங்குடல் புண்ணுக்கு மாத்திரை, ஊசி எல்லாம் பார்த்தாகிவிட்டது. கிருமியோடு சண்டை போட வேண்டிய உடம்பு உன் குடலோடேயே மல்லுக்கு நிற்கிறது. அதை அடக்க அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் கொக்கிப்புழுவை விட்டுப் பார்க்கிறார்கள். புழு தான் பிழைத்துக் கிடப்பதற்காக நம் உடம்பைச் சமாதானப்படுத்தி வைக்குமாம், அந்தச் சமாதானத்தில் குடலுக்கும் கொஞ்சம் பங்கு கிடைக்கலாமாம். கண்ணுக்குத் தெரியாத இளம்புழு இருபத்தைந்தை ஒரு கட்டுத்துணியில் வைத்து முன்கையில் ஒட்டினார்கள், அவை தோல் வழியே இறங்கி, ரத்தத்தோடு ஊரெல்லாம் சுற்றி, கடைசியில் சிறுகுடலில் குடியேறின. சிலருக்குக் கேட்கிறது, பலருக்குக் கேட்பதில்லை, எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்று டாக்டரே சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தார். உனக்குக் கேட்டது. ஒரு வருடம் ரத்தம் போகவில்லை. ஊருக்குக் கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்பு இன்னொரு கட்டும் போட்டார்கள். இங்கே வந்து திரும்பிய ஐந்தாவது வாரம் பழையபடி ரத்தம். மலத்தைப் பரிசோதித்தால் ஒரு முட்டைகூட இல்லை. பூச்சி மாத்திரை போடவே கூடாது என்று உன்னிடம் கையெழுத்து வாங்கியிருந்தார்கள், போட்டாயா என்று அந்த நர்ஸ் மூன்று முறை கேட்டார், நீ மூன்று முறையும் இல்லை என்றாய், அவர்கள் நம்பவில்லை. வெளியே அனுப்பிவிட்டால் அடுத்தது குடலை வெட்டி எடுப்பதுதான். "நான் பொய் சொல்றேன்னு நினைக்கறாங்கப்பா" என்றாய். அப்புறம் கேட்டாய், "உங்களுக்குத்தான் புழுவைப் பத்தி எல்லாம் தெரியுமே, அது தானா எப்படிப்பா செத்துப்போகும்?" நான் பார்க்கலாம்மா என்றேன்.

தானாகச் சாகவில்லை பாப்பு. நான்தான் கொன்றேன்.

நீ வந்த நான்காம் நாள் பரணிலிருந்து அந்தப் பெரிய டப்பாவை எடுக்கக் கையைத் தூக்கினாய், முழுக்கைச் சட்டை கீழே இறங்கியது, முன்கையின் உள்பக்கம் சிவப்புச் சிவப்பாகப் புள்ளிகள். என்னம்மா இது என்றேன். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு "கொசு கடிச்சிருக்குப்பா" என்றாய். முப்பத்தொரு வருடம் ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் மலப் பரிசோதனை மேஜையில் உட்கார்ந்தவனிடம் போய்க் கொசு என்கிறாய். டாக்டர் முதல் கூட்டுகிறவர் வரை என்னைப் புழு சார் என்றுதான் கூப்பிட்டார்கள், கொக்கிப்புழு தோலில் இறங்கிய இடத்தை நான் தூக்கத்திலும் சொல்வேன். அங்கே பொதுத் தோட்டத்தில் தக்காளி போட்டிருப்பதாகச் சொல்லியிருந்தாய் அல்லவா, உறை போடாமல் மண்ணில் கையை விட்டிருக்கிறாள் என்று நானே ஒரு கதை கட்டிக்கொண்டேன். உன்னிடம் மறுபடி கேட்டிருக்கலாம். கேட்டால் நீ மழுப்புவாய், நான் கத்துவேன், இருப்பது பன்னிரண்டு நாள், அதில் ஒரு நாளைச் சண்டையில் விடுவானேன் என்று தோன்றியது. மருந்துக்கடைக்குப் போனேன். யாருக்கு சார் என்று கடைக்காரர் கேட்டார். என் பொண்ணு வந்திருக்கா என்று பெருமையாகச் சொன்னேன். சின்ன வயதில் நீ பூச்சி மாத்திரைக்குப் பயந்து கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்வாய், உன் அம்மா அதைப் பொடித்து வாழைப்பழமும் பாலும் அடித்த டம்ளரில் கலந்து கொடுத்துவிடுவாள், பாலுக்குள் என்ன இருக்கிறது என்று பத்து வயது வரை உனக்குத் தெரியாது. அதையேதான் செய்தேன். இன்னிக்கு ஏன்ப்பா இவ்வளவு இனிப்பு என்று கேட்டுக்கொண்டே டம்ளரை வழித்துக் குடித்தாய். சர்க்கரை கொஞ்சம் கூடிப்போச்சு என்று சொன்னேன். அன்றைக்கு எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? என் மகளுக்கு இன்னும் என்னால் ஆகிற காரியம் ஒன்று இருக்கிறதே என்று மத்தியானம் முழுக்க விசிலடித்துக்கொண்டிருந்தேன். நீகூட என்னப்பா குஷி என்று கேட்டாய்.

நோயை நான் சரியாகத்தான் கண்டுபிடித்தேன். மாத்திரையும் சரி, அளவும் சரி. உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது ஒன்றுதான் குறை. இன்னொன்றும் சொல்கிறேன், இதை நினைத்தால்தான் என் தலையிலேயே நாலு போட்டுக்கொள்ளலாம் போல வருகிறது. அந்தப் புள்ளிகள் சதுரமாக இருந்தன. நான்கு பக்கமும் கோடு போட்டு நிறுத்தின மாதிரி, தீப்பெட்டி அளவுக்கு. எந்தத் தோட்டத்து மண் சதுரமாகக் கடிக்கும்? கண்ணால் பார்த்தேன், பார்த்ததை யோசிக்கவில்லை. ஸ்லைடில் ஒரு காற்றுக்குமிழியை முட்டை என்று எழுதிவிட்ட பயிற்சிப் பெண்ணை ஒரு தடவை அழ அழத் திட்டியிருக்கிறேன். அந்தப் பெண் எங்கே இருக்கிறாளோ, இப்போது வந்து என்னைத் திட்டினால் தலைகுனிந்து கேட்டுக்கொள்வேன்.

நீ ஏன் என்னிடம் மறைத்தாய் என்று எனக்குக் கோபம் வந்தது உண்மைதான். முதல் இரண்டு நாள் உன்மேல்தான் பழியைப் போட்டுப் பார்த்தேன், நிற்கவில்லை. "உங்க மூஞ்சி எப்படிப் போகும்னு தெரியும்ப்பா, அதான் சொல்லல" என்றாய். நியாயம்தான். ஓய்வு பெறும் நாளன்று, என் கையால் வெளியே வந்த புழுவையெல்லாம் முடிச்சுப் போட்டால் இங்கிருந்து ரயில்வே ஸ்டேஷன் வரை போகும் என்று மேடையில் பீற்றிக்கொண்ட ஆள் நான். அப்படிப்பட்டவனிடம் எந்தப் பெண் வந்து, அப்பா, நான் வயிற்றுக்குள் இருபத்தைந்தைக் குடிவைத்திருக்கிறேன் என்று சொல்லும்? இன்னொரு பேச்சையும் போகிற போக்கில் சொன்னாய். மண்ணும் புழுவும் படாமல் வளர்கிற உடம்பு சண்டை பழகாமல் தன்னையே கடிக்கிறதோ என்று சிலர் சந்தேகப்படுகிறார்களாம், யாரும் நிரூபிக்கவில்லையாம். நீ என்னைக் குத்திச் சொல்லவில்லை. எனக்குத்தான் குத்தியது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் தெருவில் புரண்டபோது உன்னைச் செருப்பில்லாமல் வாசல்படி இறங்க விடாதவன் நான்தான், குடிக்கிற தண்ணீரை இரண்டு முறை கொதிக்க வைத்தவனும் நான்தான். ஆஸ்பத்திரியில் தினமும் சோகை பிடித்து வெளுத்துப்போன குழந்தைகளைப் பார்த்தேன், அந்தப் பயத்தில் செய்தேன், அதில் தப்பு இருப்பதாக இப்போதும் தோன்றவில்லை. ஆனாலும் உட்கார்ந்திருக்கும்போது அந்த நினைப்பு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறது, போகமாட்டேன் என்கிறது. இதைப் பேசக்கூட இங்கே ஆளில்லை. உன் அம்மா இருந்திருந்தால் அந்த டம்ளரைக் கையில் எடுக்கும் முன்பே, முதல்ல அவளைக் கேளுங்க என்று ஒரு அதட்டல் போட்டிருப்பாள். வீட்டில் இன்னொரு ஆள் எதற்கு என்றால் அதற்குத்தான்.

நீ வந்திருந்த நாட்களை நினைத்துப் பார்க்கிறேன். முந்தின தடவை வந்தபோது கடைத்தெருவுக்குப் போனால் முதலில் கழிவறை எங்கே என்று பார்த்துவைத்துக்கொள்வாய், அம்மாவின் கடைசி நாளில்கூடப் பாதியில் எழுந்து எழுந்து ஓடினாய். இந்தத் தடவை காரம் போட்ட கடலையை வாங்கிக் கொறித்துக்கொண்டே என்னோடு பாலம் வரை நடந்தாய். எந்த டாக்டர் கைராசியோ என்று நினைத்துக்கொண்டேன். கைராசிக்காரர்கள் உன் வயிற்றுக்குள்ளேயே இருந்திருக்கிறார்கள். எட்டு வருடமாக உனக்கு நான் செய்ய முடியாததை அந்த இருபத்தைந்து பேர் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்தார்கள், உன்கூடவே விமானத்தில் வந்தார்கள், நம் வீட்டில் விருந்தாளியாகத் தங்கினார்கள். அவற்றுக்காவது உன்னோடு இருக்க இடம் கிடைத்ததே என்று எனக்குப் பொறாமைகூட வருகிறது, சிரிக்காதே. வாழ்நாளில் முதல்முறையாகப் புழு செத்ததற்கு வருத்தப்படுகிறேன்.

இனி காரியத்துக்கு வருகிறேன். இந்தக் கடிதத்தோடு ஒரு தனித்தாள் வைத்திருக்கிறேன். அங்கேயுள்ளவர்களுக்குப் புரிகிற மாதிரி ஆங்கிலத்தில், நான் ஆஸ்பத்திரியில் ரிப்போர்ட் எழுதும் அதே வரிசையில் எழுதியிருக்கிறேன். மருந்தின் பெயர், அளவு, கொடுத்த தேதி, நேரம், எதில் கலந்தது எல்லாம் இருக்கிறது. காலி மாத்திரை அட்டையை ஒட்டியிருக்கிறேன், மருந்துக்கடைக்காரரிடம் போய்த் தேதி போட்ட பில்லுக்கு நகல் வாங்கி அதையும் இணைத்திருக்கிறேன். எங்கள் ரிப்போர்ட்டில் கடைசியாகக் குறிப்பு என்று ஒரு கட்டம் உண்டு, முப்பத்தொரு வருடத்தில் அதில் நான் ஒரு எழுத்துகூட எழுதியதில்லை, பார்த்ததை மட்டும் சொல்வதுதான் என் வேலை என்று இருந்துவிட்டேன். இந்தத் தாளில் அதை நிரப்பியிருக்கிறேன். மாத்திரை நோயாளிக்குத் தெரியாமல் தகப்பனால் கொடுக்கப்பட்டது, நோயாளி சொன்னது உண்மை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அவர்கள் உன்னை வைத்துக்கொள்வார்களா, மறுபடி கட்டுப் போடுவார்களா, போட்டாலும் முன்போல் கேட்குமா, எனக்குத் தெரியாது. ஆனால் புழு உன்னைக் கைவிடவில்லை, நீயும் யாரையும் ஏமாற்றவில்லை, அது அவர்களுக்குத் தெரிந்தாக வேண்டும். அதற்கப்புறம் நீ என்னை மன்னிப்பதும் மன்னிக்காததும் உன் இஷ்டம். கோபத்தில் அடுத்த வருடம் வராமல் இருந்துவிடாதே என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். வந்தால் பாலை நீயே கலந்துகொள், நான் சமையலறைப் பக்கமே வரமாட்டேன்.

உடம்பு தேறி, நடுவில் எழுந்து ஓட வேண்டியிராமல், விரும்பியதைச் சாப்பிட்டு, நெடுநாள் நன்றாக இரு அம்மா. உன் அம்மா இருந்து சொல்ல வேண்டியதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். வெறும் வயிற்றில் காபி குடிக்காதே. தனித்தாளை மடிக்காமல் கொண்டுபோ, அட்டை ஒட்டிய இடம் பிய்ந்துவிடும். இது கைக்கு வந்ததும் கூப்பிடு, இங்கே பகல் ஒரு மணிக்கு மேல் என்றால் கீழே மிஷின் நின்றிருக்கும், திட்டுவது தெளிவாகக் கேட்கும். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் திட்டு, எனக்கு வேறு வேலை இல்லை. சாப்டீங்களாப்பா என்று மட்டும் முதலில் கேட்டுவிடாதே, கேட்டால் நான் மறுபடியும் சாப்பிட்டேன் என்று சொல்லி வைத்துவிடுவேன்.

இப்படிக்கு,
உன்னைக் கேட்காமல் செய்த
உன் அப்பா